தூரமா என்று கேட்ட கவுண்டர்

எங்கள் கம்பெனியின் முதல் பிளைட் கிளம்ப வேண்டிய திங்கட்கிழமை காலையில், டிக்கெட் வாங்கிய பிரயாணிகள் அத்தனை பேரும் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். ஏரோப்ளேனில் பழுது எதுவும் இல்லை. பம்பாய் ஜூஹு வானம் பளிச்சென்று இருந்தது. கேப்டன் அன்றைக்கு அதிசயமாகச் சவரம் செய்துகொண்டு, தொப்பியோடு நின்றிருந்தார். காரணம், நான் எழுதிக் கொடுத்த இரண்டே வார்த்தைகள்.

இப்போது ஏர்லைனில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் இல்லாம எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று பரிதாபமாகக் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் இருந்திருந்தாலும் அந்தத் திங்கட்கிழமை ஒன்றும் கிழித்திருக்காது. அதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் முதலாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அண்ணாச்சி

பெயர் சுடலைமுத்து. திருநெல்வேலிச் சீமைக்காரர். தாராவியில் தோல் மண்டி வைத்திருந்தார். ஊழியர்கள் முதல் கேப்டன் வரை எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். கேப்டன் அதை 'அனாச்சி' என்பார்.

யுத்த காலத்தில் மிலிட்டரி விமானங்களுக்குத் தோல் வார் சப்ளை செய்தவர் அண்ணாச்சி. சரக்கை இறக்கப் போன இடத்தில் ஏரோப்ளேனைப் பார்த்தார். அதோடு தோல் வியாபாரத்தில் அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. யுத்தம் முடிந்ததும் சர்க்கார் வேண்டாத விமானங்களை டிஸ்போசலில் விற்க ஆரம்பித்தது. அந்த நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது. அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் வராது. மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் காபி கிளப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, இதுல என்ன போட்டிருக்குன்னு சத்தமா வாசியும். ஒரு எழுத்து விடாம வாசியும்."

வாசித்தேன். எத்தனை இன்ஜின், எத்தனை மணி நேரம் ஓடியது, எங்கே நிற்கிறது, எல்லாம் கேட்டார். இரண்டாவது காபி வந்தது. மூன்றாவது காபி வரும்போது எனக்கு வேலை கொடுத்துவிட்டார். அப்போது நான் பரேலில் ஒரு மில் ஆபீசில் பெர்மனன்ட் குமாஸ்தா. பாலக்காட்டிலிருந்து வந்து மாதுங்காவில் குடியிருக்கிற குடும்பத்தில் பெர்மனன்ட் வேலையை விடுவது என்பது சந்நியாசம் வாங்குவதற்கு அடுத்தபடி. என் மனைவி கமலா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏரோப்ளேன் கம்பெனியா? தோல் மண்டிக்காரரா? ஏன்னா, இது எங்கே போய் முடியப் போறதாக்கும்?"

அந்தக் கேள்வியை அவள் பிறகும் இரண்டு முறை கேட்டாள். மூன்று முறையும் நியாயமாகத்தான் கேட்டாள்.

முதல் கம்பெனி, ஜாலி ரைடு. ஒரு சின்ன இரட்டை இறக்கை விமானம். கட்டணம் கட்டினால் கடலுக்கு மேலே ஒரு சுற்று சுற்றிக் காட்டி இறக்கிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அலைமோதியது. ஜூனில் மழை வந்தது. விமானம் ஓடுகிற தரையெல்லாம் குளமாயிற்று. மழை விட்டபோது விமானத்துக்குள் தவளை இருந்தது. கம்பெனியை மூடினோம்.

இரண்டாவது, மீன். பம்பாய்க்காரர்கள் பாப்ளெட் என்று உயிரை விடுகிற வாவல் மீனை ஐஸ் பெட்டியில் அடைத்து டில்லிக்கு அனுப்புவது. யோசனை நல்ல யோசனைதான். ஐஸ் உருகி ஓடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மீன் தண்ணீர் தரைப்பலகைக்கு அடியில் இறங்கிக்கொண்டது. அப்புறம் எத்தனை கழுவியும் நாற்றம் போகவில்லை. பைலட் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். கடைசியில் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் வீட்டுக்குள் நுழைந்தால் கமலா வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரோடு நிற்பாள்.

இரண்டு கம்பெனி முழுகிய மனுஷன் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணாச்சி மறுநாள் காலை காபி கிளப்புக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்தார்.

"சவத்த விடும் வே. மீனுக்குப் பறக்கத் தெரியல. மனுசனுக்குத் தெரியும். மெட்ராசுக்கு ஆள் ஏத்துவோம்."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "ஆளுக்கு என்ன அண்ணாச்சி, ஐஸ் வைக்க வேண்டாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர் சிரித்தால் கோபத்தை வைத்துக்கொண்டிருக்க முடியாது. அதுதான் என்னைப் பிடித்த பிடி.

பஞ்சாங்கத்தில் போட்ட டைம்டேபிள்

மூன்றாவது கம்பெனிக்கு ஒரு டகோட்டா விமானம் வாங்கினோம். இதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் ஆபீசில் எங்களுக்குக் கொடுத்தது தற்காலிகப் பெர்மிட். ஒரே நிபந்தனை: முதல் பிளைட் டைம்டேபிளில் போட்ட நேரத்துக்குப் பிரயாணிகளோடு கிளம்ப வேண்டும், அதை அவர்களுடைய அதிகாரி நேரில் நின்று பார்ப்பார். தவறினால் அதே ரூட்டுக்குக் காத்திருக்கும் வேறொரு கம்பெனிக்குப் பெர்மிட் போய்விடும். அண்ணாச்சி தோல் மண்டியை விற்றுத்தான் டகோட்டாவை வாங்கியிருந்தார். இதுவும் போனால் நாலாவதாக ஆரம்பிக்க அவரிடம் எதுவும் இல்லை. எனக்குத் திரும்பிப் போக மில் ஆபீசும் இல்லை.

பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தான் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். அதனால் டைம்டேபிளைப் பஞ்சாங்கத்தை வைத்துப் போட்டார். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரைக்கு ஆரம்பம். ஆகவே ஏழே காலுக்குக் கிளம்ப வேண்டும். ராகுகாலம் கழித்துக் கிளம்பினால் மெட்ராஸ் போய் இருட்டுவதற்குள் திரும்ப முடியாது.

"ஏழரைக்குள்ள சக்கரம் உருளணும், சாமி. இல்லன்னா நமக்கு ஏழரைதான்" என்றார்.

வியாழக்கிழமைக்கு வேறு நேரம். லைசென்ஸ் ஆபீசில் பிரதான் என்ற அதிகாரி, "ஒவ்வொரு கிழமைக்கும் ஏன் ஒவ்வொரு நேரம்?" என்று கேட்டார். "காத்து, சார்" என்றேன். அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். ராகுவும் காற்று மாதிரிதான், கண்ணுக்குத் தெரியாது.

ஜூஹுவில் எங்கள் டெர்மினல் என்பது ஒரு தகரக் கொட்டகை. அந்தக் காலத்தில் டகோட்டாவில் ஏறும் ஆளையும் பெட்டியோடு எடை போட வேண்டும். யார் எந்த வரிசையில் உட்கார்ந்தால் பாரம் சரியாக நிற்கும் என்று கணக்குப் பார்த்து லோட் ஷீட் எழுதுவது என் வேலை. எடை போடுவதற்கு அண்ணாச்சி தோல் மண்டித் தராசையே கொண்டுவந்து போட்டார். சந்தனம் கரைத்துத் தேய்த்தும் தோல் நெடி விடவில்லை. பெண்களும் வருவார்களே என்று ஒரு சட்டம் வைத்தார். யாருடைய எடையையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, துண்டுச்சீட்டில் எழுதி எனக்கு நீட்ட வேண்டும்.

கவுண்டரில் மிஸஸ் பெரேரா. பாந்த்ராவிலிருந்து வரும் கோவாக்காரப் பெண்மணி. நீலக் கவுன், கச்சிதமான பேச்சு, எத்தனை கூட்டம் வந்தாலும் பதறாதவர். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. "நம்ம ஜனங்க வாய்க்கு நாலு தமிழ் வார்த்தை பேசினா பயம் தெளியும். நீரு எழுதிக் குடும்" என்று அண்ணாச்சி சொன்னார். நான் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வணக்கம். உட்காருங்க. பயப்படாதீங்க. கவுண்டர் ஃபாரத்தில் முதலில் நிரப்ப வேண்டியது போகும் ஊர் அல்லவா? அதனால் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில்: எங்கே போறீங்க?

பெரேரா அம்மாள் அதை வாரம் முழுக்கப் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். உச்சரிப்பு அத்தனை சுத்தம்.

இதைப் படிக்கிற தமிழ் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போதே நாக்கைக் கடித்திருப்பீர்கள். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். வெளியே புறப்பட்ட ஒருவரை நிறுத்தி 'எங்கே போறே' என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பது நம்மில் ஊறிப்போன எண்ணம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மில் ஆபீசில் வருஷக்கணக்காக ஃபாரம் நிரப்பி நிரப்பி எனக்கு அது மூளையிலிருந்து போயிருந்தது.

திங்கட்கிழமை

வரிசையில் முதலில் நின்றது தாராவி ஆவுடையம்மாள். கணவர் இல்லாதவர், பலகாரம் போட்டு விற்றுப் பிழைத்தவர். மெட்ராசில் மகளுக்குத் தலைப்பிரசவம். நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது உடனே வரும்படி தந்தி வந்துவிட்டது. ரயிலில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கையில் இருந்ததைப் புரட்டி அண்ணாச்சியிடம் டிக்கெட் வாங்கியிருந்தார். ஒரு துணி மூட்டை, ஒரு முறுக்கு டின். முகத்தில் ராத்திரி தூங்காத களைப்பு.

பெரேரா அம்மாள் கைகூப்பினார். "வணக்கம். எங்கே போறீங்க?"

ஆவுடையம்மாள் அப்படியே நின்றார். டின் கையிலிருந்து நழுவிற்று.

"ஏட்டி, பிள்ளத்தாச்சியப் பாக்கப் பொறப்பட்டு வந்தவள, வழி மறிச்சி எங்க போறன்னு கேக்கியே. நான் எப்படிப் போவேன் இனி?"

அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதனால்தான் அது எல்லோரையும் தொட்டது. பின்னால் நின்ற நாகர்கோவில் வியாபாரி மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "முதல் போணியே இப்படியா? நான் அடுத்த வாரம் பாத்துக்கிடுதேன்" என்று பெட்டியைத் தூக்கினார். அவர் பின்னால் இன்னொருவர். கோட்டு சூட்டோடு வந்திருந்த மாதுங்கா இன்ஷூரன்ஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது சார். ஆனா எல்லாரும் போறச்சே நான் மட்டும் ஏறினா நன்னா இருக்காது" என்று அவரும் நழுவினார்.

"விஷ்வா, மை க்யா கலத் போலா?" என்று பெரேரா அம்மாள் என்னைப் பார்த்தார். தப்பாக என்ன சொன்னோம் என்று தெரியாமல் அவர் கண் கலங்கியிருந்தது. தோல் மண்டி, மில் ஆபீஸ், கமலாவின் கேள்வி எல்லாம் ஒரே சமயத்தில் கண்முன் வந்தன.

டகோட்டாவின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, கூட்டம் வெளியே போவதைப் பார்த்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். நான் இரண்டு வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஆவுடையம்மாளிடம் போய், எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, மெதுவாகக் கேட்டார்.

"ஆச்சி, வீட்டுல பொறப்படும்போது சகுனம் தட்டிச்சின்னா என்ன செய்வீய?"

"உள்ள திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சி, செத்த உக்காந்துட்டுப் பொறப்படுவோம்."

"அவ்வளவுதான? அதயே செய்வோம். அந்தா தெரியுதுல்லா தென்ன மரம், அதுதான் வீடு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. தண்ணி நான் கொண்டாரேன். நீங்க இன்னும் பொறப்படவே இல்ல ஆச்சி. இனிமேத்தான் பொறப்படப் போறீய."

ஆவுடையம்மாள் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு டின்னை எடுத்துக்கொண்டு தென்னை மரத்தை நோக்கி நடந்தார். அவர் போனதைப் பார்த்து நாகர்கோவில் வியாபாரியும் போனார். இன்ஷூரன்ஸ்காரர் எல்லோருக்கும் முன்னால் போய் நிழலில் இடம் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஜீப்பில் வந்து இறங்கினார் பிரதான். பிளைட்டில் ஏற வேண்டிய வேளையில் பிரயாணிகள் அத்தனை பேரும் மூட்டையோடு வெளியே போகிறார்கள். கம்பெனி முதலாளி குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடுகிறார்.

"ஏ க்யா சல் ரஹா ஹை?" என்று என்னைக் கேட்டார். இங்கே என்ன நடக்கிறது?

என் வாயில் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. "போர்டிங் ட்ரில், சார்" என்றேன்.

பிரதான் பழைய மிலிட்டரிக்காரர். ட்ரில் என்ற வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்து நின்றார். பிரயாணிகள் தென்னை மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராகத் தண்ணீர் குடித்தார்கள். அண்ணாச்சி கை காட்டியதும் எல்லோரும் எழுந்து, வலது காலை முன்னால் வைத்து, ஒருவர் பின் ஒருவராகக் கொட்டகையை நோக்கி வந்தார்கள். எந்தப் பட்டாளமும் இத்தனை ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை. பிரதான் பையிலிருந்து பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

இதற்குள் அண்ணாச்சி கவுண்டருக்கு ஓடி வந்து பெரேரா அம்மாளின் காதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவர் உதடு அசைய இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆவுடையம்மாள் மறுபடி வந்து நின்றார்.

பெரேரா அம்மாள் கைகூப்பினார்.

"தூரமா?"

ஆவுடையம்மாளின் முகம் மலர்ந்தது. எங்கே என்று கேட்காமல், அவருடைய ஊரில் அறிந்தவர் தெரிந்தவர் கேட்கிற மாதிரியே ஒரு கவுன் போட்ட பெண்மணி கேட்டுவிட்டார்.

"பக்கத்துலதான் தாயி. இந்தா, மெட்ராசு."

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தராசில் ஏற்றி இறக்கினோம். லோட் ஷீட்டை நான் அத்தனை வேகமாக அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. சக்கரக் கட்டையை எடுத்தார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கிற்று. டைம்டேபிள் நேரத்துக்கு டகோட்டா உருண்டு, ஓடி, எழும்பி, கடல் பக்கம் திரும்பியது. அண்ணாச்சி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இருவருமே அழுதோம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிரதான் கிளம்பும்போது என் கையைக் குலுக்கினார். இந்த ட்ரில்லை மற்றக் கம்பெனிகளுக்கும் சொல்லித்தரலாமே என்றார். பெர்மிட் நிரந்தரமாயிற்று.

வியாழக்கிழமை பிளைட்டில் திரும்பிய கேப்டன் ஒரு கற்கண்டுப் பொட்டலத்தைப் பெரேரா அம்மாளின் முன்னால் வைத்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சௌக்கியம், 'தூரம் கேட்ட தாயிக்குக் கொடுங்க' என்று ஆவுடையம்மாள் மெட்ராஸ் விமான நிலையத்துக்கே வந்து கொடுத்தனுப்பியிருந்தார்.

தூரமா, தூரமா

அன்றிலிருந்து எங்கள் கவுண்டரில் அதுதான் பேச்சு. பெரேரா அம்மாள் தமிழர், மற்றவர் என்று பார்க்காமல் எல்லோரையும் கேட்டார். குஜராத்தி சேட்டுகள் அதை எங்கள் ஊர் வணக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களும் கைகூப்பி, "தூரமா, தூரமா" என்று பதில் மரியாதை செய்தார்கள். கம்பெனி நன்றாகத்தான் ஓடியது. பிறகு பெரிய கம்பெனிகள் அதே ரூட்டில் பெரிய விமானங்களை விட்டன. ஒற்றை டகோட்டாவை வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்க முடியவில்லை. அண்ணாச்சி நல்ல விலைக்கு விற்றுவிட்டு, எங்கள் எல்லோருக்கும் வேலை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். நான் சாந்தாக்ரூஸில் ஒரு பெரிய கம்பெனியின் கவுண்டரில் உட்கார்ந்தேன். டை கட்டிக்கொண்டேன். கமலா நிம்மதியாகத் தூங்கினாள்.

நாற்பதுகளின் கடைசி வருஷம் ஒரு நாள் என் கவுண்டருக்கு எதிரில் எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை ஒன்று வந்து நின்றது. கையில் தகரப் பெட்டி.

"தூரமா, அண்ணாச்சி?" என்றேன்.

"பக்கத்துலதான் சாமி. கல்கத்தா. அங்கன ரெண்டு டகோட்டா வெலைக்கு வருது. அசாமுலேருந்து தேயிலை ஏத்தப் போறேன். தேயிலை நாறாதுல்லா?" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்ததே இல்லை. "உம்ம மாதுங்காவுக்கு அடுத்தாப்புல, வடாலாவுல ஒரு குடோன் பிடிச்சிருக்கேன். ஆபீசு அங்கதான். உமக்கு ஒரு மேசை போட்டு வச்சிருக்கேன். நீரு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, மேசை கிடக்கும்."

வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். பழைய கேள்வி வரும் என்று ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன், வரவில்லை.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவனைப் பார்த்து 'இது எங்கே போய் முடியும்' என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவனுக்கே அது தெரியாது. கேட்டால் அவன் கால்தான் பின்வாங்கும். தொடங்கியது தட்டிப்போனால் ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து, மறுபடி புறப்படலாம். அது முதல் புறப்பாடு மாதிரியேதான். அண்ணாச்சி ஆயுசு முழுக்கச் செய்தது அதைத்தான்.

மாதம் முடிந்து டையைக் கழற்றி வைத்த மறுநாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். கமலா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"தூரமான்னா?" என்றாள்.

"பக்கத்துலதான்" என்றேன். "வடாலா."